ஒரு பை மண்

அந்த அக்காவின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதக் கூடாத ஓர் இடத்தில் அந்தப் பெயரை ஒருமுறை எழுதிவிட்டேன். ஒருமுறை போதும்.

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. குடிநீர், சாக்கடை நீர், மண் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் சோதித்துச் சான்று கொடுக்கிற சின்னத் தனியார் கூடம். நான் சாத்தூர்க்காரன். வேதியியல் படித்துவிட்டு ஒப்பந்த வேலைக்காகக் கப்பலேறி வந்தவன். அக்கா வெளிவேலைக்கு இருந்தார். காட்டுக்குள் போய் மண் எடுத்து வருவார், வந்த பிறகு குடுவைகள் கழுவுவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். பேனா கொடுத்தால் வாங்க மாட்டார்.

“மழையில மை ஓடிரும் சார். அப்புறம் நாம என்ன எழுதினோம்ங்கிறத நம்ம இஷ்டத்துக்குச் சொல்லிக்கலாம்.”

மண் பைகளில் கட்டும் அட்டையில் இடத்தின் எண்ணும் தேதியும் இருந்தால் போதும். அக்காவின் அட்டைகளில் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும். ‘மூணாம் எடம். பெரிய கர்ஜன் மரத்துக்குக் கெழக்க ஒம்பது எட்டு. எடுக்கும்போது தூறல். ஒரு மண்புழு வந்துச்சு, வெளிய விட்டுட்டேன்.’ இன்னொன்றில், ‘அஞ்சாம் எடம். போன தடவ தோண்டின குழிக்கு ரொம்பப் பக்கத்துல தோண்டிட்டேன். ஒரு முழம் தள்ளி மறுபடி எடுத்தேன். இது ரெண்டாவது எடுத்தது.’ முதலாளி அந்த அட்டைகளைச் சத்தமாகப் படித்துக்காட்டிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அக்கா கோபப்பட்டதில்லை. “நடந்தத எழுதினேன். சிரிக்க என்ன இருக்கு?” என்று உண்மையிலேயே விளங்காமல் கேட்பார்.

அக்காவின் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தது. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அக்கா அங்கேதான் பிறந்தார், அங்கேதான் கல்யாணம். சுனாமியில் கடல் ஏறி வந்த அந்தக் காலையில் கணவரைப் பறிகொடுத்தார். பிறகு போர்ட் பிளேரில் நிவாரண முகாமில் இருந்தபோது ஓர் அதிகாரி வந்து விவரம் எழுதிக்கொண்டிருக்கிறார். வரிசையில் எல்லோரும் அவரவர் இழந்தவர்களைச் சொல்லி அழுகிறார்கள். இவருடைய முறை வந்ததும் அதிகாரி கேட்டிருக்கிறார், “உங்க கண் முன்னால அலை அடிச்சுக்கிட்டுப் போனதா?”

அது வெறும் சடங்குக் கேள்வி. ஆமாம் என்றால் எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போயிருப்பார். அக்கா சொன்னாராம், “அல கொண்டுபோனத நான் பாக்கல. விடியக்கால ஜெட்டி பக்கம் போனத பாத்தேன். திரும்பி வரல.” அதிகாரி பேனாவை மூடிவிட்டார். காணவில்லை என்று ஒரு தாளிலும் இறந்தார் என்று ஒரு தாளிலும் இருந்ததால், அந்த இறப்புச் சான்று கைக்கு வர மற்றவர்களைவிட அக்காவுக்கு வெகு காலம் ஆனது.

“ஆமான்னு சொல்லிட வேண்டியதுதானேக்கா?” என்று கேட்டேன்.

“எப்படி சார்? பாக்கலையே.”

ஒருமுறை பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தோம். என் மனைவி ஆசையாக, “சாம்பார் எப்படி இருக்குக்கா?” என்றாள். “உப்பு கம்மி. முருங்கக்கா முத்தல். வாசம் நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் வரை மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அடுத்த மாதம் அவளே சொன்னாள், “அந்த அக்காவ வரச்சொல்லுங்க. ஊர்ல இருந்து வந்த ஊறுகா நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு கேக்கணும். மத்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க.”

இதே குணம் ஒருமுறை என்மேலும் பாய்ந்தது. ஊரிலிருந்து கப்பலில் என் தம்பி வந்தான். ஹேடோ துறைமுகத்துக்குப் போய் அவனை அழைத்து வீட்டில் விட்டுவிட்டுப் பதினொன்றேகாலுக்குத்தான் வேலைக்கு வந்தேன். முதலாளியிடம் போனில் ஒன்பது மணிக்கே வந்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். அவர் மதியம் வந்து, எதற்கோ அக்காவிடம், “சார் எத்தனை மணிக்கு வந்தாரு?” என்று கேட்டார். “பதினொன்னேகாலுக்கு சார்” என்றார் அக்கா, குடுவையைக் கழுவிக்கொண்டே. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதோடு முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. இரண்டு நாள் அக்காவிடம் நான் பேசவில்லை. அக்காவுக்கு அது தெரிந்ததாகக்கூடத் தோன்றவில்லை. இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் நான் செய்த காரியத்தில் இதற்கும் ஒரு பங்கு இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஊருக்கு மேற்கே ஒரு மலைச்சரிவில் ஒரு தனியார் கம்பெனி டீசல் ஜெனரேட்டர்களை வரிசையாக வைத்து மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தது. மேலும் இரண்டு பெரிய இயந்திரங்கள் வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். பின்னாலிருக்கும் காட்டு மண்ணுக்குப் புகையால் பாதிப்பு இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் மண் பகுதி முழுவதும் என் பொறுப்பு.

காட்டு மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பாக்டீரியாவும் பூஞ்சையும். விழுகிற இலையை மக்கவைத்து மரத்துக்கே திருப்பிக் கொடுப்பது அவைதான். அவையும் நம்மைப்போல் மூச்சு விடுகின்றன. ஒரே எடை மண்ணைக் குடுவைகளில் போட்டு, உள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் காரக் கரைசல் வைத்து இறுக மூடிவிட்டால், மண் விடுகிற கரியமில வாயுவைக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். சில நாள் கழித்துக் கரைசலைச் சோதித்தால் எந்த மண்ணில் எவ்வளவு உயிர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எட்டு இடங்கள் குறித்துக்கொண்டோம். நான்கு, ஜெனரேட்டர் வேலிக்குப் பின்னால், தென்மேற்குக் காற்றில் புகை போய்ச் சாய்கிற சரிவில். நான்கு, புகை எட்டாத மலையின் மறுபக்கம். எட்டு இடத்திலும் ஒரே மாதிரி இலைகளை வலைத்துணியில் முடிந்து தரையில் வைத்தோம். எவ்வளவு வேகமாக மக்குகிறது என்று பார்க்க.

மழைக்காலம் முடிகிற சமயம் நானும் அக்காவும் போனோம். மறுபக்கத்து முடிச்சுகளைப் பிரித்தால் இலை என்று சொல்ல எதுவுமில்லை. நரம்பும் கருப்புத் தூளும் நடுவில் வெள்ளை நூலாகப் பூஞ்சையும். மலையைச் சுற்றி வேலிப் பக்கம் வந்தோம். அங்கேயும் அதே பச்சை, அதே உயரமான மரங்கள், அதே ஈரம். கம்பெனிக்காரர்கள் எடுத்த புகைப்படங்களில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே தெரியாது. அக்கா குத்துக்காலிட்டு ஒரு முடிச்சைப் பிரித்தார். உள்ளே இருந்த ஓர் இலையைக் காம்போடு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இங்க எல இன்னும் எலயாவே இருக்கு சார்.”

கட்டை விரலால் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது. பிறகு கையால் தரையைக் கிளறினார். மக்காத இலைகள் அடுக்கடுக்காக, போன வருடத்தது, அதற்கு முந்தினது, பாயை விரித்ததுபோல் கிடந்தன. பழைய இலைக்கு அடியில் ஒரு சிறு வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அதில் வெள்ளை நூல் எதுவும் இல்லை.

“மரத்துக்கு இது தெரியுமா சார்?”

“உடனே தெரியாதுக்கா. ரொம்ப வருஷம் ஆகும்.”

“அப்ப மரம் நல்லாருக்குன்னு எழுதுவாங்க.”

“எழுதலாம்.”

“கீழ பாக்காதவங்க எழுதலாம்” என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

அன்று எட்டு இடத்து மண்ணையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். டெய்ரி ஃபார்ம் நிறுத்தத்தில் இறங்கும்போது கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அக்காவின் கையிலிருந்து ஒரு பை நழுவி விழுந்தது. வாய் கொஞ்சம் திறந்தது. நான் குனிவதற்குள் அவரே எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டார். கைப்பிடி மண்கூடச் சிந்தவில்லை. அது மறுபக்கத்து மண். புகை படாத ஏழாம் இடம். ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அட்டையின் பின்புறம் எழுதினார். ‘பஸ்ஸுல எறங்கும்போது விழுந்துச்சு. வாய் தொறந்துச்சு. ரோட்டு மண்ணு உள்ள போகல. என் கை தவறினது.’

“இதெல்லாம் எதுக்குக்கா?” என்றேன்.

“விழுந்துச்சே சார்.”

முடிவுகள் வந்தன. வேலிக்குப் பின்னாலிருந்த நான்கு இடத்து மண்ணும் மூச்சு விட மறந்ததுபோல் இருந்தது. புளிப்பும் ஏறியிருந்தது. டீசல் புகையின் கந்தகம் மழையோடு இறங்கினால் மண் அப்படித்தான் ஆகும், இலையை மக்கவைக்கிற பூஞ்சைக்கு அது ஆகாது. மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதேதான். விழுந்த பையின் மண் மற்ற மறுபக்கத்து மண்களைப் போலவே நன்றாக இருந்தது.

முதலாளி தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். மதியம் மூன்று மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. அந்த நாட்களில் தினமும் போகும். மின்விசிறி இல்லாமல் இருவருக்கும் வேர்த்துக்கொட்டியது.

“தேக்கோ, நான் உன்னைப் பொய் எழுதச் சொல்லல” என்றார். முப்பது வருடத் தீவு வாழ்க்கையில் அவருடைய தமிழில் பாதி ஹிந்தி. “ஊருக்கு பிஜ்லி வேணுமா, வேண்டாமா? ஆஸ்பத்திரிக்கு வேணும். உன் வீட்டுக்கு வேணும். நாலு இடத்து மிட்டிக்காக மெஷினை நிறுத்தினா ஜனங்க நம்மளத்தான் கேப்பாங்க. சாம்பிள் எடுத்ததுல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாரு. இருந்தா எழுது. இல்லைன்னா அப்படியே அனுப்பு. தோ லைன் கா பாத் ஹை. ரெண்டே வரி.”

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை. என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். அப்படியே அனுப்பியிருந்தால் என்னை வேலையை விட்டு நீக்கியிருப்பாரா? இன்றுவரை தெரியாது. நான் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

எழுந்து போய் அட்டைகளைப் புரட்டினேன். எதைத் தேடுகிறேன் என்று தெரிந்தேதான் தேடினேன். ஏழாம் இடத்து அட்டையை எடுத்துத் திருப்பினேன். பென்சில் எழுத்து, தெளிவாக. என் கை தவறினது.

அறிக்கை ஆங்கிலத்தில். விழுந்தது ஒரு பை. நான் பைகள் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அதற்குக் கடைசியில் ஒரே ஓர் எழுத்துதான் சேர்க்க வேண்டும். எந்த இடத்துப் பை என்று குறிப்பிடவில்லை. கொண்டுவரும் வழியில் மண் பைகள் விழுந்து திறந்துகொண்டதால் வேலிக்குப் பின்னாலுள்ள நான்கு இடங்களின் முடிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல, அவை சேர்க்கப்படவில்லை என்று எழுதினேன். ஆதாரமாக, சேகரித்தவர் தன் கைப்படவே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் சேர்த்தேன். அட்டையின் நகலை இணைத்தேன். தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். சேகரித்தவர் என்ற கட்டத்தில் வழக்கமாக என் பெயரைத்தான் எழுதுவேன். அன்று அக்காவின் முழுப் பெயரை எழுதினேன். எழுதும்போது பதினொன்றேகால் என்ற குரல் நினைவுக்கு வந்தது. அது எனக்கு உதவியாக இருந்தது.

அனுமதி கிடைத்தது. என் ஒப்பந்தமும் நீண்டது. இரண்டு மாதம் கழித்து ஹேடோ துறைமுகம் வழியாகப் போனபோது, மெயின்லேண்டிலிருந்து வந்த கப்பலிலிருந்து வீடுபோல் பெரிய இரண்டு பெட்டிகளைக் கிரேன் இறக்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தாமல் போய்விட்டேன்.

அதற்கு முன்பே அக்காவை நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, இப்படிக் கவனமில்லாத ஆளை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். முதலாளி என்னிடம், “நீயே சொல்லிடு. உன் தமிழ் ஆள்தானே” என்றார்.

அக்கா வழக்கம்போல் குடுவைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

“ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சுக்கா. இனி வெளிவேலை இல்லையாம்” என்றேன்.

“வேற வேல?”

“இப்போதைக்கு எதுவும் இல்ல.”

“என் காம்ல ஏதும் கொற இருந்துச்சா சார்? இருந்தா சொல்லுங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

என் முகத்தையே பார்த்தார். பொய்யை அவர் கண்டுபிடிப்பார் என்று பயந்தேன். ஆனால் தாங்கள் பொய் சொல்லாதவர்களுக்கு அடுத்தவர் பொய் சட்டென்று பிடிபடுவதில்லை. பூட்ஸைக் கழுவிக் காயவைத்தார். அது ஆய்வுக்கூடத்துச் சொத்து. வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.

ஏழு வருடம் ஆயிற்று. போன வருடம் ஒரு குடிநீர்ச் சோதனைக்காக அதே மேற்குப் பக்கம் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெங்காலியின் டீக்கடை. உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா. முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார். மனைவியை விசாரித்தார். கடைக்காரரிடம், “ஹமாரா சாப் ஹை”, எங்க சார் என்று பெருமையாகச் சொன்னார்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இத்தனை வருடத்தில் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தொடங்குவதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“சார், உங்கள பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் நின்னதுக்கப்புறம் நம்ம ஆபீஸ் கிளார்க்கு சொன்னாரு. நான் பைகள கீழ போட்டதாலதான் உங்க வேல கெட்டுப்போச்சாம். ரிப்போர்ட்ல எழுதிருக்காம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க என் முகத்துக்கு நேரா சொல்லக் கூடாதுன்னு மறைச்சிட்டீங்க. மாப் பண்ணுங்க சார்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“இல்ல சார், கேளுங்க. நான் ஒரு பையத்தான் போட்டேன். ஏழாம் எடம். அது ஞாபகமிருக்கு. ஆனா பைகள்னு எழுதிருக்குன்னாரு. படிச்சவங்க சும்மாவா எழுதுவாங்க? இன்னொரு பை எப்ப விழுந்துச்சு, எந்த எடத்துல விழுந்துச்சுன்னு நானும் ஆறு வருசமா யோசிக்கிறேன். பஸ்ஸுல ஏறுனதுலருந்து ஒண்ணொண்ணா நெனச்சுப் பாக்குறேன். கண்டுபுடிக்கவே ஏலல. நீங்க கூடத்தான வந்தீங்க. எது சார் அது?”

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர். இதையெல்லாம் காரணமாகச் சொல்ல முடியாது. யாருமே இல்லாத காட்டில் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

“எனக்கும் சரியா ஞாபகமில்லக்கா. விடுங்க. பரவாயில்ல.”

அக்கா தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் பெரிய மனதோடு மன்னித்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு தட்டில் சூடாக இரண்டு பஜ்ஜி வைத்துக் கொண்டுவந்தார். அதையும் தின்றேன்.

கிளம்பும்போது, “ஊருக்குப் போற அடுத்த பஸ் எப்பக்கா?” என்று கேட்டேன். தினமும் அந்த நிறுத்தத்தின் முன்னால் நின்று பஜ்ஜி போடுகிறவர். பஸ்கள் அவர் கண்ணெதிரேதான் வந்துபோகின்றன.

“அஞ்சு மணிக்குன்னுதான் நெனைக்கிறேன் சார்” என்றார். சொல்லிவிட்டு ஒரு கணம் தயங்கினார். “எனக்குச் சரியா சொல்லத் தெரியாது. வேற யாருட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”